தூக்கிப் பார்க்காமல் சொல்லும் எடை

மார்ச் 4

என்னங்க,

இங்கே நான் சுகம். தையல் மெஷினுக்குத்தான் இரண்டு நாளாய் நெஞ்சுச் சளி மாதிரி ஒரு சத்தம். எண்ணெய் விட்டிருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன கடிதத்தைப் பிரித்ததும் வேறு யாருக்கோ வந்ததை வாங்கிவிட்டேன் என்று பயந்துபோனேன். உங்கள் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இது முத்து முத்தாக இருந்தது. கண்ணாடி உடைந்துவிட்டதென்றும், உங்கள் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரத் தம்பி படித்துக் காட்டி எழுதியும் தருகிறார் என்றும் கடைசியில் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. சீக்கிரம் வேறு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பட்டறை ஷெட்டை ஷெட்டுக்காரர் திருப்பிக் கேட்கிறார். ஜூலை கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறார். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் இடத்துக்கு நான் வாடகை கட்டுவதைப் பார்த்து அவருக்கே பாவமாக இருக்கிறதாம். டிசம்பரில் உங்கள் ஒப்பந்தம் முடிந்து வந்தால், இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்ய வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கிடக்கிற பழைய இரும்பை விற்கலாம் என்று கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். உள்ளேகூட வரவில்லை. வாசலில் நின்று இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுப் பார்த்தார். "எடையெல்லாம் எதுக்கும்மா? கண்ணாலயே தெரியுது. மொத்தமா ஒரு தொகை வாங்கிக்குங்க, நாளைக்கே துடைச்சு எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். அவர் அவசரப்பட்டதைப் பார்த்துதான் எனக்குச் சந்தேகம் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். என்ன செய்யட்டும்?

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 22

அன்புள்ள அளவுக்காரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மெஷின் சத்தம் எண்ணெய்க்குப் போகாது. அடியில் நூல் சிக்கியிருக்கும், தட்டைக் கழற்றிப் பார்.

மொத்த விலைக்கு விற்காதே. கண்ணால் எடை போடுகிற வியாபாரி எப்போதும் தன் கண்ணைத்தான் நம்புவான், உன் கண்ணை இல்லை. எடை என்னவென்று அவனுக்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜாக்கெட்டுக்கு எவ்வளவு துணி என்று ஆளைப் பார்த்தே சொல்கிறவள் நீ. இது அதைவிடச் சுலபம்.

முதல் வேலை, இரண்டு குவியலாகப் பிரி. உருக்கத்தான் லாயக்கு என்பது ஒரு குவியல். இன்னும் வேலை செய்யும் என்பது இன்னொரு குவியல். இரண்டாவதில் இருக்கும் எதையும் எடைக்குப் போடக் கூடாது. கம்பியைக் கவ்வுகிற வைஸ், ஒரு தாடை தேய்ந்தாலும் இன்னும் பிடிக்கும், பிடிக்கிற வரைக்கும் அது வைஸ்தான், இரும்பு இல்லை. தொழில் தெரியாதவர்கள் செய்யும் முதல் தப்பே இதுதான்.

அப்புறம் காந்தத்தை எடு. மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சிவந்தால் செம்பு, வெளுத்து லேசாக இருந்தால் அலுமினியம். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, கலந்து கொடுத்தால் எல்லாம் இரும்பு விலைக்குப் போய்விடும்.

கம்பிக்குக் கணக்கு இருக்கிறது. குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கு. 162-ஆல் வகு. வருவது ஒரு மீட்டரின் எடை, கிலோவில். தகட்டுக்கு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒரு மில்லி கனம் இருந்தால் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உன் தையல் டேப்பே போதும்.

எனக்கு இப்போது பழைய இரும்பு யார்டில் எடை மேடையில் வேலை. உட்கார்ந்த வேலை, தலைக்கு மேல் கூரையும் உண்டு. பழைய யந்திரங்களை உடைத்து லாரியில் ஏற்றி வருவார்கள், முள் நிற்பதற்கு முன்னால் நான் எடையைச் சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் நிறைய.

உன் வீட்டுக்காரன்

(அக்காவுக்கு, எழுதுபவனின் வணக்கம். நான் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன்.)


ஏப்ரல் 9

என்னங்க,

நலமாக இருக்கிறீர்களா? நீங்கள் சொன்னது சரி, அடித்தட்டில் நூல் பந்து. மெஷின் இப்போது பூனை மாதிரி ஓடுகிறது. அங்கே இருந்துகொண்டு இங்கே சத்தம் கேட்கும் காது இருக்கிறது உங்களுக்கு.

நான்கு நாள் மத்தியான வேளையில் ஷெட்டில்தான் இருந்தேன். காந்தம் கையில் இருந்தால் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறது, எதைப் பார்த்தாலும் ஒட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. உங்கள் பெருமைக்குரிய அந்தப் பித்தளைக் கதவுக் கைப்பிடி ஞாபகம் இருக்கிறதா? ஒட்டிக்கொண்டது. வெளியே பூச்சு, உள்ளே இரும்பு. பத்து வருஷமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்தீர்கள்.

பன்னிரண்டு மில்லி கம்பித் துண்டுகளை எல்லாம் அளந்து கூட்டினேன். அறுபத்தொரு மீட்டர். பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு, 162-ஆல் வகுத்தால் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஐம்பத்து நான்கு கிலோ வருகிறது. மூன்று மில்லித் தகடு ஐந்து சதுர மீட்டர், நூற்றுப் பதினெட்டு கிலோ. சரிதானே? கோணல்மாணலாக இருக்கும் வார்ப்பிரும்பை எப்படி அளப்பது? அதில் நீளமும் இல்லை, அகலமும் இல்லை.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் இதை இன்னொருவர் வாசித்துக் காட்டுவார் என்று நினைத்தால் பேனா நின்றுவிடுகிறது. அந்தத் தம்பி தப்பாக நினைக்க வேண்டாம். அதனால் இரும்பைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், இதுவும் எடைக் கணக்குத்தான். முன்பெல்லாம் ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் அலேக்காகத் தூக்கி, "இன்னிக்கு அரைக் கிலோ கூட" என்று சொல்லிவிட்டுத்தான் இறக்கி விடுவீர்கள். நான் இப்போது எத்தனை கிலோ? சொல்லுங்கள் பார்ப்போம்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 30

அன்புள்ள அளவுக்காரிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ வெயிலில் ஷெட்டில் நிற்காதே, தகரக் கூரை வேகும்.

கணக்கு இரண்டும் சரி. கைப்பிடி விஷயத்தை எழுதுபவனை ஏன் படிக்க வைத்தாய்? இரண்டு நாளாக மெஸ்ஸில் எல்லோரும் என்னைப் பித்தளை என்று கூப்பிடுகிறார்கள்.

வார்ப்பிரும்புக்கு ஒரு வாளியை விளிம்புவரை நிரப்பி அகலப் பாத்திரத்துக்குள் வை. துண்டை மெல்ல முக்கு. வெளியே சிந்திய தண்ணீரை அள. ஒரு லிட்டருக்கு ஏழு கிலோ, கொஞ்சம் மேலே. பித்தளைக்கு எட்டரை.

இன்னொன்று. அவன் தராசை நம்பாதே. உன் பத்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து வை. வெறும் கேன் அரைக் கிலோ, தண்ணீரோடு பத்தரை. முதலில் அதை மாட்டச் சொல். முகத்தைப் பார்க்காதே, முள்ளைப் பார்.

இனி ஒரு முடிவு சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டக் கேட்டிருக்கிறேன். இங்கே நிழலில் உட்கார்ந்து சம்பாதிப்பதை விட்டுவிட்டு வந்து என்ன செய்யப் போகிறேன்? ஆகவே வேறு இடம் எதுவும் பார்க்காதே. பட்டடைக்கல், வைஸ், அரங்கள், அந்தச் சின்னச் சுத்தியல், எல்லாவற்றையும் எடையோடு சேர்த்துப் போட்டுவிடு. வீட்டில் இடத்தை அடைக்கும். வருகிற பணத்தில் மெஷினுக்கு மோட்டார் வைத்துக்கொள், கால் வலி குறையும்.

நீ கேட்ட எடை: தூக்கிப் பார்க்காமல் சொல்லும் எடை எனக்குப் பழக்கமில்லை.

உன் வீட்டுக்காரன்

(அக்கா, ஒப்பந்தத்தைப் பற்றிய பத்தியை மூன்று தடவை மாற்றிச் சொன்னார். நான் எழுதியிருப்பது மூன்றாவது.)


மே 12

என்னங்க,

சுகமா என்று கேட்கிறேன். பதிலை நீங்களே சொல்லுங்கள், சமையல்காரத் தம்பி சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குவியலாகப் பிரி, வேலை செய்வதை எடைக்குப் போடுவது தொழில் தெரியாதவர்கள் செய்யும் தப்பு என்று மார்ச்சில் எழுதியது யார்? ஏப்ரலில் சுத்தியலை எடைக்குப் போடச் சொல்வது யார்? என் தம்பி ஒருமுறை அந்தச் சுத்தியலை எடுத்துத் தேங்காய் உடைத்ததற்கு மூன்று மாதம் அவனோடு பேசாதவர் நீங்கள்.

அதைத் தேடி எடுத்தேன். மரப்பிடியில் உங்கள் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தேன், இன்னொரு விரலுக்கும் இடம் இருந்தது. பிறகு வேலை ஓடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடி உடைந்தது என்றீர்கள். சரி. மூன்று மாதமாக உலகத்தில் எந்தக் கடையிலும் கண்ணாடி கிடைக்கவில்லை, அதையும் சரி என்கிறேன். ஆனால் சுத்தியலைப் பிடிக்கக் கண்ணாடி வேண்டாமே. அதை ஏன் விற்கச் சொல்கிறீர்கள்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் வரும்வரை அதை நான் விற்க மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 24

என்னங்க,

நலம் விசாரித்து என்ன பிரயோஜனம்? ஆறு வாரமாயிற்று, ஒரு வரி இல்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், என் முகத்தைப் பார்க்க அவருக்கே சங்கடம்.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னித்துவிடுங்கள். இல்லை, வேண்டாம். மன்னிக்க வேண்டாம், திட்டியாவது எழுதுங்கள்.

உருக்குகிற குவியலை நேற்று விற்றேன். என் கணக்கு நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. தராசைத் தொங்கவிட்டதும் தண்ணீர் கேனை நீட்டினேன். "குடிக்கவாம்மா?" என்றார் கடைக்காரர். மாட்டுங்கள் என்றேன். பத்தரை காட்ட வேண்டிய முள் ஒன்பதரையில் நின்றது. நீங்கள் சொன்னபடி முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்காரரே அதைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்புறம், "வண்டியில வேற தராசு இருக்கு" என்றார். அதில் போட்டதில் நானூற்று ஒன்பது வந்தது. மூன்று கிலோதான் தப்பு, அதுவும் துருவாக இருக்கும்.

போகும்போது, "யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். "அவர் வந்தா என் கடையில வந்து உக்காரச் சொல்லுங்க. எனக்கு எதிர்க்கடையில உக்காராம இருந்தா சரி" என்றார்.

இதை நேரில் சொல்லி நீங்கள் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

பட்டடைக்கல்லும் வைஸும் வீட்டுக்கு வந்துவிட்டன. துணி வெட்டும் மேசைக்கு அடியில் இருக்கின்றன. சுத்தியல் மேசை மேல்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

சமையல்காரத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இது அவர் சொல்லி எழுதுவதல்ல. உங்கள் இரண்டு கடிதங்களையும் படித்துக் காட்டினேன். முதல் கடிதத்தில் சுத்தியல் பத்தி வந்ததும் எழுந்து வெளியே போனவர், பதில் எழுதலாமா என்று கேட்டால் நாளைக்கு என்கிறார். அந்த நாளை இன்னும் வரவில்லை. தராசுக் கதையைக் கேட்டு நன்றாகச் சிரித்தார். கடைக்காரர் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அக்காவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று. சத்தியத்தை மீற மாட்டேன். அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் வேலையைப் பற்றிச் சொல்லலாம் இல்லையா?

நாற்பது பேருக்குச் சமைக்கிறேன். எல்லோரும் கையால்தான் சாப்பிடுவார்கள். பிப்ரவரியிலிருந்து ஒரே ஒரு தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஸ்பூன் வைக்கிறேன். அதையும் இடது பக்கம் வைக்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிறார். சோறு போடுகிறவன் நான், எனக்குத் தெரியும், முடியாது.

தம்பி


ஜூலை 16

என்னங்க,

தம்பி, இதை அப்படியே படி. எதையும் விட்டுவிடாதே, வெட்கப்படாதே. எனக்கே வெட்கம் போய்விட்டது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். எனக்குத்தான் இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று. எத்தனை விரல்? வலிக்கிறதா? யார் கட்டுப் போட்டார்கள்? பிப்ரவரியிலிருந்து ஐந்து மாதம், நான் இங்கே காந்தத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன். தம்பி கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், அப்புறம் உங்கள் மேல் ஆத்திரம் வந்தது, அப்புறம் மறுபடி அழுதேன். வெட்டியிருந்த ஜாக்கெட் ஒன்று பாழாயிற்று.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க மாட்டேன், தெரியும். கம்பி வளைக்கிற கை போனால் வீட்டுக்கு வந்து என்ன லாபம் என்று உங்களை நீங்களே முதல் குவியலில் போட்டுக்கொண்டீர்கள். தொழில் தெரிந்தவர் செய்கிற காரியமா இது? தாடை தேய்ந்த வைஸுக்குச் சொன்ன நியாயம் உங்களுக்குக் கிடையாதா?

இங்கே வேலை இருக்கிறது. கடைக்காரர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நேற்று மறுபடி வந்து கேட்டார். அவருக்கு வேண்டியது உங்கள் கண்ணும் கணக்கும். வேண்டாம் என்றால் நான் போய் கேட் அளவு எடுத்து வருகிறேன், எத்தனை கிலோ பிடிக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள், பக்கத்துத் தெரு வெல்டர் ஒட்டட்டும். அதுவும் வேண்டாம் என்றால் சும்மா இருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து என் மெஷின் சத்தத்தில் குறை சொல்லிக்கொண்டிருங்கள். எனக்கு அது போதும்.

கட்டிலில் உங்கள் பக்கத்தில் தைத்த துணிகளை அடுக்கி வைக்கிறேன். ஆட்கள் வந்து வாங்கிப் போய்விட்டால் வேறு துணி கொண்டுவந்து வைக்கிறேன். அந்த இடம் காலியாக இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று வருஷமாக இதை எழுதவில்லை, நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று. நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நன்றாகத்தான் மறைத்திருக்கிறோம்.

ஒப்பந்தத்தை நீட்டாதீர்கள். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி

தம்பி, சத்தியத்தை மீறாத உனக்கு ஒரு சட்டை தைத்து வைக்கிறேன். மார்பளவை அவரிடம் சொல்லி அனுப்பு.


ஆகஸ்ட் 11

அளவுக்காரி,

இது என் இடது கை. இந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. கோழி கிளறினது பரவாயில்லை என்று சொல்வாய்.

மூன்று விரல். பாரம் தூக்கும் சங்கிலி நழுவியது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. இப்போது வலி இல்லை, குளிர்ந்த நாளில் இல்லாத விரல்கள் வலிக்கும். கண்ணாடி உடையவே இல்லை.

நீ எழுதினதைத் தம்பி படிக்கும்போது பாதியில் தாளை நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டான். மீதியை நான் வாங்கிப் படித்தேன். கட்டில் விஷயத்தைப் பல தடவை படித்தேன். நானும் இங்கே தலையணை இரண்டு வைத்திருக்கிறேன், வாங்கும்போது எதற்கென்று யோசிக்கவில்லை.

நீட்டச் சொன்ன மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். டிசம்பர் எட்டாம் தேதி கிளம்புகிறேன். பயமாக இருக்கிறது. உன்னைப் பார்க்கத்தான் பயம், வேறொன்றுமில்லை.

சுத்தியலை விற்காதே.

நீ கேட்ட எடைக்கு இப்போது பதில். நாற்பத்தொன்பதரை இருப்பாய் என்று மனசு சொல்கிறது. ஆனால் முன் மாதிரி தூக்கிப் பார்க்க முடியாது. ஒன்றரைக் கையால் போடுகிற மதிப்பு, தப்பாகத்தான் வரும்.

உன் வீட்டுக்காரன்

(மார்பளவு முப்பத்தெட்டு. தம்பி.)


ஆகஸ்ட் 25

என்னங்க,

உங்கள் கையெழுத்து கிடைத்தது. எல்லோரும் சுகம், நான் ரொம்பச் சுகம்.

கட்டிலில் இருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். டிசம்பர்வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், இப்போது பார்க்க முடிகிறது.

நாற்பத்தொன்பதரையா என்று தெரிந்துகொள்ளக் கடைக்காரரின் எடை மேடையில் ஏறலாம் என்று போனேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். சரியான எடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

வந்து, தூக்கி, தப்பாகவே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி